குழிவிரியன் காட்டில் கையைப் பார்த்து வையுங்கள்

மழை நேரத்தில் திருநெல்வேலி மாஞ்சோலை மலைப் பக்கம் போகிறவர்கள் எல்லாரும் அட்டை ஏறிவிடுமோ என்று காலையே பார்த்துக்கொண்டு நடப்பார்கள். நானும் அப்படித்தான் போனேன். அங்கே நாலுமுக்கு எஸ்டேட்டில் வழுக்கிய இடத்தில் ஒரு கொப்பைப் பிடிக்கப் போக, கூட வந்த அண்ணாச்சி "ஏல, கைய எடு!" என்று போட்ட சத்தத்தில் தப்பித்தேன். இடுப்பு உயரத்தில், இலையோடு இலையாக ஒரு விஷப்பாம்பு, குழிவிரியன். நாங்கள் நகரும் வரை அசையவே இல்லை.

அதன் குணமே அதுதான், இரை வரும் வரை சுருண்டு கிடக்கும். காலடிச் சத்தத்துக்கு ஓடிவிடும் என்று நம்பாமல், கொப்போ பாறை இடுக்கோ, கண்ணால் பார்த்த பிறகே கையை வையுங்கள்.

பச்சையாக இருப்பதெல்லாம் விரியன் இல்லை. கண்கொத்திப் பாம்பு சாட்டை மாதிரி ஒல்லி, மூக்கும் கூர். குழிவிரியனுக்குத் தடித்த உடம்பு, சிறுத்த கழுத்து, முக்கோணத் தலை, கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவில் ஒரு குழி. எலியின் உடல் சூட்டை இருட்டிலும் அந்தக் குழி காட்டிக்கொடுக்கும். மலபார் குழிவிரியனில் மஞ்சளும் பழுப்பும்கூட உண்டு, அதனால் நிறத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். குழியைப் பார்க்கிறேன் என்று கிட்டேயும் போகாதீர்கள்!

ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலில் தங்குகிறவர்கள் சருகைக் கவனியுங்கள். மூக்கு நுனி மேலே தூக்கிய பழுப்புக் குழிவிரியன் ஒன்றும் உண்டு, ஒரு முழம் இருந்தாலே பெரிது. விறகைக் கம்பால் புரட்டிவிட்டு எடுங்கள். ராத்திரி டார்ச், ஷூ.

கடித்துவிட்டால் கட்டு, கீறல், வாயால் உறிஞ்சல் எதுவும் வேண்டாம். வீங்குவதற்குள் மோதிரம், வளையல், அரைஞாண் கழற்றி, கடிபட்ட இடத்தை அசைக்காமல், ஆளை நடக்கவிடாமல் தூக்கி வாருங்கள். 108 அல்லது கிடைத்த வண்டியில் அம்பாசமுத்திரம் அரசு ஆஸ்பத்திரி, அங்கே சொன்னால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரி. பாம்பை அடித்துக் கொண்டுபோக வேண்டாம், தூரத்தில் நின்று எடுத்த போட்டோ போதும்.

அப்புறம், "ஊசி ஏன் போடல?" என்று டாக்டரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். நம்மூரில் கிடைக்கிற விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்ற நாலுக்காகத் தயாரித்தது. குழிவிரியன் அந்தக் கணக்கில் இல்லை, அதனால் ரத்தம் உறைகிறதா, சிறுநீரகம் வேலை செய்கிறதா என்று பார்த்துத்தான் வைத்தியம். வலி குறைந்துவிட்டது என்று பாதியில் எழுந்து வந்துவிடாதீர்கள். வழியிலேயே வீக்கம் ஏறிய அளவுக்குத் தோலில் பேனாவால் கோடு போட்டு, பக்கத்தில் மணியை எழுதிவிடுங்கள், டாக்டருக்கு அது உதவும்.