வாத்து வேட்டை குலுக்கல்: லைசென்ஸ் இருந்தும் "இல்லை"ன்னு காட்டுனா

கலிஃபோர்னியால சாக்ரமென்டோ ரெஃப்யூஜ் (வனவிலங்கு சரணாலயம்) மாதிரி இடத்துல புதன், சனி, ஞாயிறு மட்டும்தான் வாத்து சுட விடுவாங்க, அதுக்கு ரிசர்வேஷன் குலுக்கல், வேட்டை நாளுக்கு 17 நாள் முன்னாடியே அப்ளிகேஷன் போயிருக்கணும். லைசென்ஸ், டக் ஸ்டாம்ப் (வாத்து வேட்டைக்குத் தனியா வாங்கற அனுமதி) எல்லாம் ஒரு கடை கவுன்ட்டர்ல வாங்கியாச்சு. ஆன்லைன்ல அப்ளை பண்ணப் போனா வேட்டை லைசென்ஸே இல்லைங்குது!

கேஷ் க்ளியர் பண்ணேன், வேற ப்ரௌசர், மனைவி போன், எதுவும் வேலைக்கு ஆகல. அப்டேட் ஆக டைம் எடுக்கும்னு ஒருத்தர் சொன்னத நம்பி காத்திருந்ததுதான் பெரிய வேஸ்ட், கெடு நெருங்கிட்டே இருக்கு.

கடைசில பேப்பர் லைசென்ஸ்ல இருக்கற கோ ஐடி (GO ID, லைசென்ஸ் சிஸ்டம்ல ஒவ்வொருத்தருக்கும் இருக்கற அடையாள எண்) நம்பரையும் ஆன்லைன் அக்கவுன்ட்ல இருக்கற நம்பரையும் பக்கத்துல வெச்சு பாத்தேன், ரெண்டும் வேற வேற. நம்ம ஊர் பேர் பிரச்சனைதாங்க: பழைய அக்கவுன்ட்ல லாஸ்ட் நேம் வெறும் இனிஷியல், ட்ரைவிங் லைசென்ஸ்ல அப்பாவோட முழுப் பேரு. கவுன்ட்டர்ல மேட்ச் ஆகாம புதுசா ஒரு ப்ரொஃபைல் உருவாக்கி, லைசென்ஸ் அதுல போய் உக்காந்துடுச்சு.

லைசென்ஸ் குடுக்கற மாநில வனவிலங்கு துறைக்கு போன் பண்ணி ரெண்டு ப்ரொஃபைலையும் ஒண்ணா சேர்க்கச் சொன்னேன், ட்ரைவிங் லைசென்ஸ் காப்பி அனுப்பினேன், அப்புறம் அப்ளிகேஷன் ஒழுங்கா போச்சு. சேர்க்கறதுக்கு முன்னாடி அவசரப்பட்டு இன்னொரு லைசென்ஸ் வாங்கிடாதீங்க. எந்த நம்பர் நிக்கும்னும் கேட்டு வெச்சுக்கோங்க, குலுக்கல் ரிசல்ட் அந்த அக்கவுன்ட்லதான் வரும்.