ஆன்டெனா கனெக்டருக்கு டேப்: கீழிருந்து மேலே

மொட்டை மாடியில் ஆன்டெனா கனெக்டருக்கு டேப் சுற்றும்போது, கீழே கேபிளில் ஆரம்பித்து மேல்நோக்கிப் போங்கள். ஒவ்வொரு சுற்றும் முந்தையதன் மேல் பாதி ஏறினால், கூரை ஓடு மாதிரி மழைத்தண்ணீர் வழிந்துவிடும். மேலிருந்து சுற்றினால் ஒவ்வொரு விளிம்பும் தண்ணீரை ஏந்திக்கொள்ளும். முதலில், இழுத்துச் சுற்றினால் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப், அதன் மேல் வெயிலுக்குக் காப்பாகக் கறுப்பு பிவிசி டேப். கடலூர் தேவனாம்பட்டினம் பக்கம் போல உப்புக்காற்று அடிக்கிற இடத்தில் இதை விட்டுவிட்டால் கேபிளுக்குள் இருக்கும் செம்புப் பின்னல் சீக்கிரமே களிம்பேறி, சிக்னல் பாதி வழியிலேயே தேய்ந்துபோகும்.

கனெக்டர் படுக்கைவாட்டில் இருந்தால் திசை முக்கியமில்லை. ஏற்கெனவே ஈரம் இறங்கியிருந்தால் மட்டும் டேப் சுற்றவே சுற்றாதீர்கள், ஈரம் உள்ளேயே அடைபடும். கேபிளில் செம்பு கறுத்துப்போன பகுதியை வெட்டிவிட்டுப் புதுக் கனெக்டர் போடுங்கள், அப்புறம் டேப்.