மழையில் நிற்கிற டயர்: வேகக் காருக்கு எதை வாங்குவது

டயர் கடையில் முதல் கேள்வி 'என்ன சைஸ்?' என்பதாகத்தான் இருக்கும். வண்டியில் இப்போது மாட்டியிருப்பதைப் பார்த்துச் சொல்லிவிடாதீர்கள். முந்தைய உரிமையாளர் மாற்றியிருக்கலாம். ஓட்டுநர் பக்கக் கதவுத்தூணிலோ பெட்ரோல் மூடியின் உட்புறத்திலோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர்தான் சரியான பதில். அளவும் காற்றழுத்தமும் அதில் இருக்கும்.

ஃபோக்ஸ்வாகன் விர்ட்டுஸ் ஜிடியை எடுத்துக்கொள்வோம். 1.5 லிட்டர் டர்போ, 150 குதிரைத்திறன், டயர் அளவு 205/55 ஆர்16. டயரின் அகலம் 205 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 55 சதவீதம், ரிம் 16 அங்குலம். இதற்கு அடுத்து வரும் 91வி என்பதைத்தான் பலரும் படிக்காமல் விடுகிறார்கள். 91 என்றால் ஒரு டயர் 615 கிலோ தாங்கும். வி என்றால் மணிக்கு 240 கி.மீ. வரை. எச் 210, டபிள்யூ 270, ஒய் 300.

'யாரு சார் இங்க 210-ல போறாங்க, எச் போதும்' என்று கடைக்காரர் ஆயிரம் ரூபாய் குறைத்துக் காட்டுவார். அந்த எழுத்து வேகத்துக்கு மட்டும் அல்ல, டயர் எவ்வளவு வெப்பத்தைத் தாங்கும் என்பதற்கும் அதுவே அளவுகோல். மே மாதத் தார்ச்சாலையில் ஐந்து பேரும் பெட்டிகளுமாக இரண்டு மணி நேரம் விடாமல் 110-ல் ஓட்டும்போதுதான் அந்த வித்தியாசம் வேலை செய்யும். எடைக் குறியீடோ வேகக் குறியீடோ, ஸ்டிக்கரில் உள்ளதைவிட மேலே போகலாம், கீழே வரக்கூடாது.

பழைய டயரைப் படியுங்கள்

புது டயருக்குப் பணம் கொடுக்கும் முன், பழையது எப்படித் தேய்ந்திருக்கிறது என்று பாருங்கள். இரண்டு ஓரமும் தேய்ந்து நடுப்பகுதி நன்றாக இருந்தால் காற்று குறைவாக ஓடியிருக்கிறது. நடுவில் மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். உள்பக்க ஓரம் மட்டும் மொட்டையாகியிருந்தால் கேம்பரோ (சக்கரம் செங்குத்திலிருந்து சாயும் கோணம்) டோவோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம்) தவறு. கையை ஒரு திசையில் தடவினால் வழுவழுப்பாகவும் மறு திசையில் ரம்பம் போலவும் இருந்தால் டோ தவறு. அங்கங்கே குழி குழியாக இருந்தால் ஷாக் அப்சார்பரைச் சோதிக்க வேண்டும். இதைச் சரிசெய்யாமல் எவ்வளவு விலை உயர்ந்த டயரைப் போட்டாலும் அதுவும் அதே வழியில் தேயும்.

சட்டப்படி டிரெட் ஆழம், அதாவது சாலையில் படும் பரப்பிலுள்ள பள்ளங்களின் ஆழம், குறைந்தது 1.6 மி.மீ. இருக்க வேண்டும். பள்ளங்களுக்குள் சின்ன மேடு ஒன்று இருக்கும். டிரெட் அந்த உயரத்துக்கு இறங்கினால் அதுதான் 1.6. மழைக்கு இது போதாது. புது டயரில் 7 முதல் 8 மி.மீ. ஆழம் இருக்கும், பள்ளம் குறையக் குறைய டயர் வெளியே தள்ளும் தண்ணீரும் குறையும், ஒரு கட்டத்தில் வண்டி தண்ணீர் மேல் மிதக்கத் தொடங்கும். டயர் அகலமானால் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். அதனால் 3 மி.மீ.யிலேயே மாற்றுவது நல்லது. ஐப்பசிக்குள் 3-க்கு வந்துவிடும் என்று தெரிந்தால், புரட்டாசியிலேயே மாற்றிவிடுங்கள்.

எந்த வகை

கடையில் இருப்பவற்றை மூன்றாகப் பிரிக்கலாம். முதலாவது சொகுசு வகை: சத்தம் குறைவு, ஆயுள் அதிகம். மிஷெலின் பிரைமசி, யோகோஹாமா அட்வான் டிபி இந்த இனம். இரண்டாவது வேக வகை: பக்கச்சுவர் விறைப்பு, ரப்பர் மென்மை, ஈரப் பிடிப்பு அதிகம். மிஷெலின் பைலட் ஸ்போர்ட், குட்இயர் ஈகிள் எஃப்1, அப்போலோ 2009-இல் வாங்கிய விரெடெஸ்டீனின் அல்ட்ராக் வரிசை ஆகியவை இதில் வரும். மூன்றாவது, பந்தயத் தடத்துக்கென்றே வரும், டிரெட் குறைந்த அரை ஸ்லிக். இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் வார இறுதியைக் கழிப்பவர் தனி ரிம்மில் வைத்துக்கொள்ளலாம். தேங்கிய மழைநீரில் அதை ஓட்டுவது அபாயம். தினசரி வண்டிக்கு வேண்டவே வேண்டாம்.

200 குதிரைத்திறனுக்கு மேல் போனால், அல்லது மழையிலும் நெடுஞ்சாலையிலேயே இருப்பவர் என்றால், இரண்டாவது வகைக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் வீண் இல்லை. 150 குதிரைத்திறன் வண்டியை நகரத்துக்குள் ஓட்டுபவருக்கு நல்ல சொகுசு வகையே தாராளம். இடைப்பட்டவர்கள் பிரேக்கை வைத்து முடிவு செய்யலாம்: ஈரச் சாலையில் ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) அடிக்கடி துடித்தால், குறை பெரும்பாலும் டயரில்தான்.

பக்கச்சுவரில் டிரெட்வேர் என்று 200, 340, 500 மாதிரி ஓர் எண் இருக்கும். அதிகமானால் மெதுவாகத் தேயும். ஆனால் அந்த எண்ணைப் போடுவது தயாரிப்பாளரே. ஒரே கம்பெனியின் இரண்டு டயர்களை ஒப்பிட உதவும். ஒன்றின் 400-ஐ இன்னொன்றின் 300-உடன் ஒப்பிட முடியாது. பக்கத்திலேயே இருக்கும் டிராக்‌ஷன் ஏஏ, ஏ, பி, சி என்பது ஈரத்தில் நேர்கோட்டில் பிரேக் பிடிக்கும் சோதனை மட்டும். வளைவைப் பற்றியோ தேங்கிய நீரைப் பற்றியோ அது எதுவும் சொல்லாது. ஐரோப்பிய லேபிள் உள்ள டயர் என்றால் ஈரப் பிடிப்புக்கான ஏ முதல் இ வரையிலான தரத்தைப் பாருங்கள். மற்ற இரண்டு கட்டங்களைவிட (எரிபொருள் சிக்கனம், சத்தம்) அதுதான் முக்கியம்.

விலையைக் கிலோமீட்டருக்குக் கணக்குப் போட வேண்டும். உதாரணமாக ரூ.12,000 டயர் 30,000 கி.மீ. ஓடினால் கி.மீ.க்கு 40 பைசா. ரூ.9,000 டயர் 45,000 ஓடினால் 20 பைசா. நான்கு டயருக்கும் சேர்த்து வித்தியாசம் கி.மீ.க்கு 80 பைசா, வருடம் 12,000 கி.மீ. ஓட்டினால் ரூ.9,600. ஈரப் பிடிப்புக்காக அந்தத் தொகையைக் கொடுப்பதா என்பது உங்கள் ஓட்டத்தைப் பொறுத்தது. பேருக்காக மட்டும் கொடுக்காதீர்கள்.

அகலப்படுத்துவதில் எங்கே சொதப்பும்

205/55 ஆர்16-இன் மொத்த விட்டம் 632 மி.மீ. 225/45 ஆர்17 போட்டால் 634. வித்தியாசம் அரை சதவீதத்துக்கும் குறைவு, எனவே ஸ்பீடோமீட்டர் ஏமாறாது. ஆனால் 225/45-க்கு ரிம் 7 அங்குல அகலமாவது வேண்டும். குறுகலான 16 அங்குல ரிம்மின் இடத்தில் புது அலாய் வாங்கியே ஆக வேண்டும். ஆஃப்செட் (ரிம் வண்டியோடு பொருந்தும் தளம் அதன் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பது) தவறினால் ஸ்டியரிங்கை முழுசாக ஒடிக்கும்போது உரசும். பக்கச்சுவர் 113 மி.மீ.யிலிருந்து 101-க்கு இறங்கும். அந்த 12 மி.மீ.தான் பள்ளத்தில் விழும்போது ரிம்மைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. நம் சாலையில் 18 அங்குலத்துக்குப் போனவர்கள் ரிம் நெளிந்தும் டயர் புடைத்தும் செலவழிப்பது சகஜம். புடைப்பு என்றால் உள்ளே நூல் அறுந்துவிட்டது. ஒட்டுப் போட முடியாது, டயரை மாற்றத்தான் வேண்டும். பக்கச்சுவர் பஞ்சரும் அப்படியே. டிரெட்டில் 6 மி.மீ.க்குள் ஓட்டை என்றால் டயரைக் கழற்றி உள்ளிருந்து மஷ்ரூம் பேட்ச் போடச் சொல்லுங்கள். வெளியிலிருந்து குத்தும் நூல் வீடு வந்து சேர மட்டும். அலாய் மாற்றினால் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் சொல்லிவிடுங்கள்.

வாங்கும்போதும் மாட்டும்போதும்

பக்கச்சுவரில் டிஓடி (DOT) என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்கள் தயாரிப்புத் தேதி. 2325 என்றால் 2025-இன் 23ஆவது வாரம். 2020 ஜூனில் டயர் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்த பிறகு சில வேகக் கார் அளவுகள் எளிதில் கிடைப்பதில்லை, அதனால் கடையில் தேங்கிக் கிடந்த பழைய சரக்கைத் தள்ளிவிடும் ஆசை வரும். நான்கையும் தனித்தனியாகப் பாருங்கள், ஆறு மாதத்துக்குள் இருப்பதைக் கேளுங்கள், ஓராண்டு தாண்டினால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இரண்டு டயர் மட்டும் மாற்றினால் புதியவை பின்னால் போக வேண்டும், முன் சக்கரத்தால் ஓடும் வண்டியானாலும். முன்பக்கம் வழுக்கினால் வண்டி நேராகப் போகும், ஆக்சிலரேட்டரை விட்டால் பெரும்பாலும் சமாளிக்கலாம். பின்பக்கம் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும். நான்கு சக்கர ஓட்டமுள்ள வண்டிக்கு நான்கும் ஒரே தேய்மானத்தில் இருப்பது அவசியம், இல்லாவிட்டால் டிஃபரென்ஷியல் (சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக்கொடுக்கும் பல்சக்கரத் தொகுதி) கெடும்.

சிலவற்றில் சுழலும் திசைக்கு அம்புக்குறி இருக்கும், சிலவற்றில் 'அவுட்சைட்' என்று எழுதியிருக்கும். வெளியேறும் முன் நான்கிலும் சரியாக இருக்கிறதா என்று நடந்து பாருங்கள். வால்வையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். பேலன்சிங், அலைன்மென்ட் இரண்டும் வேண்டும். அலைன்மென்ட் ரிப்போர்ட்டை அச்சில் வாங்கிக்கொள்ளுங்கள். நைட்ரஜனுக்கு அலைய வேண்டாம், சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான்.

போல்ட்டை ஏர்கன்னால் அடித்து முடித்துவிட்டால், டார்க் ரெஞ்சால் (குறித்த அளவு விசையில் முறுக்கும் கருவி) மறுபடி முறுக்கச் சொல்லுங்கள். அளவு கையேட்டில் இருக்கும். 100 கி.மீ. ஓடியதும் மீண்டும் ஒருமுறை சரிபாருங்கள். முதல் 200 கி.மீ. வரை மெதுவாக ஓட்டுங்கள், அச்சிலிருந்து எடுக்கப் பூசிய வழுவழுப்பு இன்னும் மேலே இருக்கும். காற்றழுத்தத்தைக் காலையில் வண்டி எடுக்கும் முன் பாருங்கள். ஓடிய டயரில் 4 முதல் 6 பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும், அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடாதீர்கள்.