தேடி வருகிறவருக்கு வழி தெரிகிறதா? ஃப்ரீலான்ஸ் கலைஞர்கள் இணையத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெங்களூரு குமரகிருபா சாலை முழுக்க ஓவியங்களாக இருக்கும். கர்நாடக சித்ரகலா பரிஷத் நடத்தும் சித்ரசந்தை. சில வருடங்களுக்கு முன் நானும் அங்கே நடைபாதை ஓரம் என் படங்களைப் பரப்பி உட்கார்ந்திருந்தேன். கொண்டுபோன 300 விசிட்டிங் கார்டும் சாயங்காலத்துக்குள் தீர்ந்துவிட்டது. கார்டில் என் பெயரும் ஒரு க்யூஆர் கோடும் மட்டும். பார்க்க அழகாக இருக்கட்டும் என்று போன் நம்பரைப் போடவில்லை.

மூன்று வாரம் கழித்து, அல்சூரில் எங்கள் தெருவில் இருக்கும் அக்கா ஒருவர் கார்டை நீட்டினார். "தம்பி, இதை ஸ்கேன் பண்ணினா உன் படம் எதுவும் வரலியே, யாரோ பணம் கட்டச் சொல்றாங்களே!" கோடு செய்துகொடுத்த தளத்தில் இலவசக் காலம் முடிந்திருந்தது. 300 கார்டும் செத்துப் போயிருந்தது.

க்யூஆர் கோடில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் உங்கள் முகவரியே அந்தக் கட்டங்களுக்குள் எழுதப்பட்டிருக்கும். அந்த முகவரி இருக்கும்வரை கோடும் வேலை செய்யும். இன்னொன்றில் கோடு செய்து தருகிறவரின் முகவரிதான் இருக்கும். ஸ்கேன் செய்கிறவர் முதலில் அங்கே போய், அங்கிருந்து உங்களிடம் வருவார். நடுவில் இருப்பவர் கதவைச் சாத்தினால் எல்லாம் போச்சு. எப்போதும் முதல் வகையையே கேட்டு வாங்குங்கள். அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் இரண்டு மூன்று போன்களில் ஸ்கேன் செய்து, எந்த முகவரி தெரிகிறது என்று பாருங்கள். பக்கத்தில் போன் நம்பரையும் போடுங்கள்.

அன்றைக்கு எனக்கு உறைத்தது கோடு பற்றி மட்டும் இல்லை. இணையத்தில் நான் வைத்திருந்த எல்லாமே சக ஓவியர்கள் பார்த்து மெச்சுவதற்காகச் செய்தவை. வேலை கொடுக்க வருகிறவர் வேறு ஆள். அவருக்கு வெள்ளிக்கிழமைக்குள் ஒரு அட்டைப்படம் வேண்டும். நான்கைந்து பேரின் பக்கத்தைப் போனில் திறந்து வைத்திருக்கிறார். இவர் என்ன செய்வார், எந்த ஊர், எப்படிப் பிடிப்பது என்று தேடுகிறார். சட்டென்று கிடைக்காவிட்டால் அடுத்தவரிடம் போய்விடுவார்.

பெயரிலிருந்தே பார்ப்போம். தமிழர்களான நமக்கு இது தனிப் பிரச்சினை. எழில்மதி என்று ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எச்எஸ்ஆர் லேஅவுட்டில் ஒரு அலுவலகத்தில் யாரோ அவர் பெயரைச் சொல்லிப் பரிந்துரைக்கிறார்கள். கேட்டவருக்கு ழகரம் தெரியாது. காதில் விழுந்தபடி 'எல்' போட்டுத் தேடுகிறார். எழில்மதியோ தன் பக்கத்தின் ஐடியில் 'இசட்-எச்' என்று எழுதி, நடுவில் இரண்டு அடிக்கோடு, கடைசியில் பிறந்த வருடம் வரை சேர்த்திருக்கிறார். எப்படிக் கிடைப்பார்? பெயரை விட்டுவிடச் சொல்லவில்லை. ழகரத்தை நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். ஐடி மட்டும் காதால் கேட்டு டைப் செய்யக்கூடியதாக இருக்கட்டும். தமிழ் தெரியாத நண்பர் ஒருவருக்குப் போன் போட்டு ஐடியைச் சொல்லுங்கள். ஒரே தடவையில் அடித்துவிட்டால் சரி. இல்லாவிட்டால் மாற்றுங்கள்.

இனிஷியலும் அப்படித்தான். ஓரிடத்தில் முன்னால், இன்னோரிடத்தில் அப்பா பெயராக விரிந்து பின்னால், பேங்க் கணக்கில் வேறு எழுத்துக்கூட்டல். முன்பணம் அனுப்பப் போகிறவரின் யுபிஐ திரையில் புதுப்பெயர் வந்தால் அவர் கை ஒரு நிமிடம் நிற்கும். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் பில்லிலேயே கணக்குப் பெயரை எழுதிவிடுங்கள்.

பயோவில், அதாவது பக்கத்தின் மேலே இருக்கும் அறிமுக வரிகளில், ஊர்ப் பெயரே இல்லாத பக்கங்களை அடிக்கடி பார்க்கிறேன். ஆங்கிலத்தில் 2014 நவம்பர் 1 முதல் 'பெங்களூரு' என்று மாறியும் பழைய 'பேங்களூர்' என்றே தேடுகிறவர்கள் நிறைய. இரண்டையும் எங்காவது எழுதிவையுங்கள். தமிழ், கன்னடம், ஆங்கிலம் என்று தெரிந்த மொழிகளையும் போடுங்கள். கல்யாணப் பத்திரிகை, கோயில் விழா அழைப்பிதழ், புத்தக அட்டை என்று தமிழில் செய்ய ஆள் தேடுகிறவர்கள் இந்த ஊரில் நிறையவே இருக்கிறார்கள். தமிழில் ஒரு வரிகூட இல்லாத பக்கத்தில் அவர்கள் நம்மை எப்படி அடையாளம் காண்பார்கள்?

அடுத்த தவறு, சிறந்த படங்களை மட்டும் அடுக்குவது. சிவாஜிநகரில் கல்யாண போட்டோ எடுக்கும் நண்பர் ஒருவரின் பக்கத்தில் ஒவ்வொரு படமும் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். ஒயிட்ஃபீல்டிலிருந்து வந்த ஒரு குடும்பம், "ஒரே கல்யாணம், ஆரம்பத்திலிருந்து கடைசி வரை காட்டுங்களேன்" என்று கேட்டது. அவரிடம் அப்படி ஒன்றும் தயாராக இல்லை. அவர்கள் பயந்ததில் நியாயம் இருக்கிறது. நல்ல வெளிச்சத்தில் மணப்பெண்ணை யாரும் அழகாக எடுத்துவிடலாம். காலை நான்கரை மணி முகூர்த்தத்தில் ஹோமப் புகைக்கு நடுவே எடுப்பாரா? பந்தியில் இலை போடும்போது பாட்டி சிரித்ததைத் தவற விடாமல் பிடிப்பாரா? இப்போது ஒரு கல்யாணத்தின் 60 படங்களை வரிசையாகத் தனிப் பக்கத்தில் வைத்திருக்கிறார். கேட்கிறவர்களுக்கு அதைத்தான் அனுப்புகிறார்.

வரைகிறவர்களும் இதைச் செய்யலாம். கிளையன்ட் என்ன கேட்டார், முதல் ஸ்கெட்ச் ஏன் மாறியது, எத்தனை நாள் ஆனது என்று ஒரு வேலைக்கு நான்கு வரி எழுதுங்கள்.

ஆனால் காட்டுவதற்கு முன் கேளுங்கள். 1957 ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் கூலி கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்கோ வரையச் சொன்ன ஓவியத்துக்கோ, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் அவர்தான். "இதை என் தொகுப்பில் காட்டிக்கொள்ளலாம்" என்ற ஒரு வரியை வேலை தொடங்கும்போதே மெயிலில் வாங்கிவிடுங்கள். இன்னும் வெளிவராத ஆப்புக்கு வரைந்ததை அவசரப்பட்டுப் போட்டு நல்ல கிளையன்டை இழந்தவர்களை எனக்குத் தெரியும்.

"விலைக்கு மெசேஜ் செய்யவும்" என்பதையும் விட்டுவிடலாம். "அட்டைப்படம் இத்தனை ரூபாயிலிருந்து" என்று போட்டால் பேரம் பேசியே பொழுது போக்குகிறவர்கள் குறைவார்கள்.

அப்புறம், எல்லாவற்றையும் ஒரே ஆப்பில் வைப்பது. 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் உட்பட 59 ஆப்களை மத்திய அரசு தடை செய்தது. வருடக்கணக்கில் சேர்த்த ஃபாலோயர்கள் அத்தோடு போனார்கள். ட்விட்டர் மாதிரி நம் ஊரிலேயே பிறந்த கூ ஆப் 2024 ஜூலையில் மூடப்பட்டது. இன்ஸ்டாகிராம் வேண்டாம் என்று சொல்லவில்லை, நானும் தினமும் போடுகிறேன். ஆனால் சொந்தமாக ஒரு டொமைன், அதாவது உங்களுக்கே உரிய இணைய முகவரி, வாங்கி, அதில் பத்து வேலைகளையும் போன் நம்பரையும் மெயிலையும் வையுங்கள். ஆப் எது மாறினாலும் கார்டில் அடித்த முகவரி மாறாது. டொமைனை உங்கள் பெயரிலேயே, உங்கள் மெயிலிலேயே பதிவு செய்யுங்கள். வெப்சைட் செய்து தந்த தம்பியின் கணக்கில் இருந்தால், அவர் வேலை மாறிய பிறகு புதுப்பிக்க ஆள் தேட வேண்டிவரும். பழைய கிளையன்ட்களின் நம்பர்களையும் ஆப்புக்கு வெளியே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

கடைசியாக ஒன்று. "உங்கள் பதிவு பதிப்புரிமையை மீறுகிறது, 24 மணி நேரத்தில் கணக்கு முடக்கப்படும்" என்று லிங்கோடு மெசேஜ் வந்தால் அதைத் தொடாதீர்கள். பதறிப்போய் அதில் பாஸ்வேர்டைக் கொடுத்து, கணக்கையே பறிகொடுத்தவர்கள் உண்டு. ஆப்பின் அமைப்புகளுக்குள் நீங்களே போய் உண்மையில் அறிவிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே போன கையோடு, பாஸ்வேர்டோடு இன்னொரு குறியீட்டையும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பையும் போட்டுவிடுங்கள்.