பல் சொத்தை வராமல் காக்க: வேப்பங்குச்சி, வேலங்குச்சி, திரிபலா செய்முறை

மூத்தவளுக்குக் கடைவாய்ப் பல்லில் சொத்தை விழுந்து அடைத்துவிட்டு வந்த பிறகு, சின்னவனுக்கும் அப்படி ஆகிவிடக் கூடாது என்று வீட்டில் ஒரு பழக்கத்தை ஏற்படுத்தினோம். காலையில் குச்சி, ராத்திரி பேஸ்ட், இடையில் ஒரு கொப்பளிப்பு, தீனிக்கு ஒரு கட்டுப்பாடு. அதன் பிறகு இரண்டு பேருக்குமே புதுச் சொத்தை இல்லை. எப்படிச் செய்கிறோம் என்று உறவுக்காரர்கள் ஆளாளுக்குக் கேட்பதால் முழுவதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். குழி விழுந்த பல்லை எந்த மூலிகையும் அடைக்காது. பல்லின் மேல் சுண்ணாம்பு பூசியது மாதிரி வெள்ளைத் திட்டு தெரிகிற கட்டம் வரைதான் திரும்ப வழி உண்டு. எச்சிலில் உள்ள கால்சியமும் பேஸ்டில் உள்ள ஃபுளோரைடும் சேர்ந்து அந்த இடத்தைத் திரும்பக் கெட்டிப்படுத்தும். ஓட்டை விழுந்துவிட்டால் பல் டாக்டரிடம்தான் போக வேண்டும். இது சொத்தை வராமல் காக்கிற முறை, வந்ததைக் குணமாக்குகிற முறை இல்லை.

குச்சிக்கு முன்னால் தீனி

பல்லில் ஒட்டியிருக்கும் கிருமிகள் நாம் தின்கிற இனிப்பையும் மாவையும் தின்று அமிலத்தைக் கக்குகின்றன. அதில் முக்கியமானது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ். அமிலம் கூடக் கூட வாயின் பி.எச். அளவு இறங்கும்; ஏறத்தாழ 5.5-க்குக் கீழே இறங்கினால் பல்லின் கெட்டியான மேல்பூச்சான எனாமல் கரையத் தொடங்கும். எச்சில் ஊறி அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர அரை மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். அதற்குள் இன்னொரு மிட்டாயை வாயில் போட்டால் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். ஆகவே எவ்வளவு இனிப்பு தின்கிறோம் என்பதைவிட எத்தனை தடவை தின்கிறோம் என்பதுதான் பல்லைத் தீர்மானிக்கிறது.

"நாங்கள் வெள்ளைச் சர்க்கரையே வாங்குவதில்லை, கருப்பட்டிதான், நாட்டுச் சர்க்கரைதான்" என்பவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் சொத்தை வருவது இதனால்தான். கருப்பட்டி, வெல்லம், தேன் எல்லாமே கிருமிக்குச் சர்க்கரைதான். எங்கள் பக்கம் கோவில்பட்டி கடலைமிட்டாய் இல்லாத வீடு கிடையாது. கடலை பல்லுக்கு நல்லதுதான், அதோடு வருகிற வெல்லப்பாகு கடைவாய்ப் பல்லின் பள்ளங்களில் போய் அப்பிக்கொள்ளும். வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். சாப்பாட்டோடு சேர்த்துத் தின்றுவிட்டு வாய் கொப்பளித்தால் போதும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததிலிருந்து ராத்திரி வரை ஒவ்வொரு துண்டாகக் கடித்துக்கொண்டே இருப்பதுதான் கெடுதல்.

பால் புட்டியில் சர்க்கரையோ கற்கண்டோ கலந்து, குழந்தை வாயில் வைத்தபடியே தூங்க விடுவதையும் இன்றே நிறுத்துங்கள். முன்பற்கள் வரிசையாகக் கறுத்துப்போவதற்கு அதுதான் பெரிய காரணம்.

குச்சி பார்த்து ஒடிப்பது

"ஆலும் வேலும் பல்லுக்குறுதி" என்பது எல்லோருக்கும் தெரியும். வேல் என்றால் கருவேலம். இன்று தரிசு எங்கும் மண்டிக் கிடப்பது அதுவல்ல, சீமைக்கருவேலம். இரண்டிலும் முள் இருப்பதால் பட்டணத்தில் வளர்ந்தவர்கள் மாற்றி ஒடித்துவிடுகிறார்கள். பூவையும் காயையும் பார்த்தால் குழப்பமே வராது. கருவேலம்பூ பொன்மஞ்சள் நிறத்தில் சின்னச் சின்ன உருண்டையாக இருக்கும். காய் வெளுத்த சாம்பல் நிறம், ஒவ்வொரு விதைக்கு நடுவிலும் இடுங்கி இருக்கும். சீமைக்கருவேலத்தின் பூ பச்சை கலந்த மஞ்சளில் விரல் நீளத்துக்குத் தொங்கும். காய் இடுங்காமல் மஞ்சளாக நீண்டிருக்கும், ஆடுகள் அதைத்தான் பொறுக்கித் தின்னும். கண்மாய்க் கரையில் கேட்டால் ஆடு மேய்க்கிறவர்கள் கையைக் காட்டிச் சொல்லிவிடுவார்கள்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது வேம்புதான். எங்கும் கிடைக்கிறது, அடையாளத்தில் தவறு வராது, நாரும் சீக்கிரம் பிரியும். கருவேலம் துவர்ப்பு, ஈறு தளர்ந்தவர்களுக்கு இதமாக இருக்கும். ஆல் என்றால் விழுதின் நுனி. ஒடித்ததும் வடிகிற பாலை நன்றாகக் கழுவித் துடைத்த பிறகே வாயில் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் உதட்டில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும்.

சுண்டு விரல் பருமன், ஒரு சாண் நீளம். கொழுந்துக் குச்சி நசுங்கிக் கூழாகிவிடும், முற்றியது பல்லை உடைக்கும். பட்டை இன்னும் பச்சை மாறாமல், வளைத்தால் சட்டென்று ஒடியாமல் இருப்பதுதான் பதம். பேருந்து போகிற ரோட்டோர மரத்திலும், மருந்தடித்த காட்டை ஒட்டிய மரத்திலும் ஒடிக்காதீர்கள். தெரியாத மரத்துக் குச்சியை வாயில் வைக்கவே கூடாது. அரளி உயிருக்கே ஆபத்து. எருக்கம்பால் கண்ணில் பட்டால் பார்வையைப் பாதிக்கும்.

மெல்லுவதும் தேய்ப்பதும்

இந்த இடத்தில்தான் பாதிப்பேர் "வாய் கசக்கிறது, ஈறு குத்துகிறது" என்று குச்சியைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். எனக்கும் கை பழக நாளானது இதில்தான். ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒடித்து ஒரு நாள் ஆகிவிட்டால் குச்சியை ராத்திரியே தண்ணீரில் போட்டு வையுங்கள். காலையில் நுனியில் அரை அங்குலம் மட்டும் பட்டையைச் சீவிவிட்டு, கடைவாய்ப் பல்லின் நடுவில் வைத்து மெதுவாகக் கடியுங்கள். முன்பல்லால் கடிக்கக் கூடாது. ஆடுகிற பல், கேப் போட்ட பல், பெரிதாக அடைத்த பல் இருக்கிற பக்கத்திலும் கூடாது. ஒரு கடி கடித்ததும் குச்சியைக் கால் திருப்பு திருப்பிக்கொள்ளுங்கள். ஒரே பக்கமாகக் கடித்தால் சப்பையாகிவிடும், நார் பிரியாது. முதலில் ஊறுகிற கசப்பைத் துப்பிவிடுங்கள். இரண்டு மூன்று நிமிஷத்தில் உள்ளே இருக்கும் நார் வெள்ளை வெள்ளையாகப் பிரிந்து நிற்கும். நடுவில் கெட்டியாகத் துருத்தும் சிம்புகளைக் கடித்து எடுத்துவிட வேண்டும். ஈறைக் குத்துவது அவைதான். நாரைப் புறங்கையில் தேய்த்துப் பாருங்கள். கீறாமல் வருடினால் தயார்.

இனி தேய்ப்பது. பேனா பிடிக்கிற மாதிரி பிடியுங்கள். மேல்வரிசையில் ஈறிலிருந்து கீழ்நோக்கி, கீழ்வரிசையில் ஈறிலிருந்து மேல்நோக்கி. குறுக்கே இழுத்து இழுத்துத் தேய்த்தால் ஈறு ஒதுங்கி வேர் வெளியே தெரிய ஆரம்பிக்கும், குளிர்ந்த தண்ணீர் பட்டாலே கூசும்.

மேல் கடைவாய்ப் பல்லின் வெளிப்பக்கத்துக்குக் குச்சி போகவில்லை என்று எல்லோரும் வாயை இன்னும் அகலமாகத் திறக்கிறார்கள். திறக்கத் திறக்கக் கன்னம் இறுகும், இடம் குறையும். பாதி மூடிக்கொண்டு, தாடையைத் தேய்க்கிற பக்கமாக லேசாக நகர்த்துங்கள். கன்னம் தளர்ந்து வழிவிடும். கீழ் முன்பற்களின் உள்பக்கத்தில்தான் காரை சீக்கிரம் படியும். அங்கே குச்சியை நெட்டாக நிறுத்திக்கொண்டு மேல்நோக்கி இழுக்க வேண்டும். கீழ்க் கடைவாயின் உள்பக்கத்துக்கு நேர்க்குச்சி எட்டுவதே இல்லை. நார் இருக்கிற இடத்துக்குச் சற்றுக் கீழே லேசாகக் கடித்து மடக்கினால் முனை வளைந்து கொடுக்கும். அப்போதும் எட்டாதவர்கள் அந்த ஒரு இடத்துக்கு மென்மையான பிரஷ்ஷை எடுத்துக்கொள்ளலாம், அதில் ஒரு குறையும் இல்லை.

முடிந்ததும் மறுமுனையை நெட்டாகப் பிளந்து, அந்தப் பாதியை வளைத்து நாக்கை வழித்துவிடுங்கள். எங்கள் அப்பத்தா இதைச் செய்யாமல் காபித் தண்ணியைத் தொட மாட்டார். அடுத்த நாள் அதே குச்சியை உபயோகிப்பதானால் பழைய நுனியை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாக மெல்ல வேண்டும்.

இரண்டு பல்லுக்கு நடுவே குச்சி, பிரஷ் எதுவும் போகாது. சொத்தை சத்தமில்லாமல் தொடங்குகிற இடமும் அதுதான். அதற்கு ஃபிளாஸ் நூல். விளக்குமாற்றுக் குச்சி, ஊக்கு, கொண்டை ஊசி எல்லாம் ஈறைக் கிழித்துவிடும்.

சின்னப் பிள்ளைகள் குச்சியை வாயில் வைத்தபடி ஓடக் கூடாது. உட்கார வைத்து, பக்கத்திலேயே இருந்து பழக்குங்கள். ஒரு பத்து வயதுக்கு முன்னால் நான் தர மாட்டேன்.

திரிபலா கொப்பளிப்பு

கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய் மூன்றும் சம அளவு. கடுக்காயில் கொட்டையை நீக்கிவிட்டுத் தோட்டை மட்டும் எடுக்க வேண்டும். வெயிலில் காய வைத்து இடித்து மெல்லிய பருத்தித் துணியில் சலியுங்கள். கடையில் பொடியாகவும் கிடைக்கிறது, ஆனால் நான் காயாக வாங்கி இடிப்பதைத்தான் விரும்புவேன். பொடியில் என்ன கலந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியாது.

ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் போட்டு, முக்கால் டம்ளராக வற்றியதும் இறக்கி, துணியில் இரண்டு தடவை வடிகட்டுங்கள். வெதுவெதுப்பாக இருக்கும்போது வாயில் ஊற்றி அரை நிமிஷம் கொப்பளித்துத் துப்ப வேண்டும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகோ சாயங்காலமோ செய்யலாம். அன்றன்றைக்குப் புதிதாகக் காய்ச்சுங்கள், வைத்திருந்தால் பூசணம் பிடிக்கும். பல்லின் மேல் படிகிற படலத்தைத் திரிபலா குறைப்பதாகச் சில ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. டாக்டர்கள் எழுதித் தருகிற குளோர்ஹெக்சிடின் மருந்தோடு ஒப்பிட்டும் பார்த்திருக்கிறார்கள். ஆனாலும் டாக்டர் ஒரு மருந்தை எழுதிக் கொடுத்திருந்தால், அதை நிறுத்திவிட்டு இதற்கு மாற வேண்டாம்.

நல்லெண்ணெய் கொப்பளிப்பது பற்றி ரொம்பப் பேர் கேட்கிறார்கள். வாய் சுத்தமாகத்தான் இருக்கிறது, பிடித்தால் செய்யுங்கள். பல் துலக்குவதற்கு அது பதிலாகாது. சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம், எண்ணெய் புரையேறி நுரையீரலுக்குள் போனால் பெரிய தொல்லை. வேப்பெண்ணெயைக் குழந்தைகள் வாயில் விடவே கூடாது. விழுங்கினால் வலிப்பு வரை கொண்டுபோகும்.

பல்பொடி

உமிக்கரி, செங்கல் பொடி, சாம்பல், கல் உப்பு எல்லாம் பல்லை வெளுப்பாக்குவது எனாமலைத் தேய்த்துத்தான். தேய்ந்த எனாமல் திரும்ப முளைக்காது. பொடிதான் வேண்டும் என்றால் வேலம்பட்டைப் பொடியைத் துணியில் சலித்து, இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து நெருடிப் பாருங்கள். மணல் தட்டினால் வேண்டாம். புகையிலை கலந்த பற்பொடிக்கும் பேஸ்டுக்கும் 1992-லேயே தடை வந்துவிட்டது, யாராவது கொடுத்தால் தொடாதீர்கள்.

ராத்திரிக்குப் பேஸ்ட்

இயற்கை வழியை விரும்புகிறவர்களுக்கு இது பிடிக்காது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். சொத்தையைத் தடுப்பதில் ஃபுளோரைடு பேஸ்டுக்கு இருக்கிற அளவு ஆதாரம் எந்தக் குச்சிக்கும் பொடிக்கும் இல்லை. தூங்கும்போது எச்சில் ஊறுவது குறைந்துவிடுகிறது, ஆகவே ராத்திரிதான் பல்லுக்குப் பாதுகாப்பு அதிகம் வேண்டும். அட்டையில் ஃபுளோரைடு 1000 பி.பி.எம். என்று இருக்கிறதா பாருங்கள். "ஹெர்பல்" என்று பச்சை எழுத்தில் போட்டிருப்பதில் பலவற்றில் ஃபுளோரைடு இருக்காது. மூன்று வயதுக்குள் அரிசி அளவு, மூன்றிலிருந்து ஆறு வரை பட்டாணி அளவு. துலக்கியதும் நுரையைத் துப்பினால் போதும், தண்ணீர் விட்டு அலசித் தள்ள வேண்டாம். எலுமிச்சை, புளிப்பு மாங்காய், சோடா மாதிரி எதுவும் சாப்பிட்டிருந்தால் அரை மணி நேரம் கழித்துத் துலக்குங்கள். அமிலத்தில் இளகியிருக்கும் எனாமல் உடனே தேய்த்தால் சீக்கிரம் தேயும்.

பின்சேர்க்கை: படித்தவர்கள் கேட்டவை

திரிபலாவால் பல் பழுப்பாகிறது என்று இரண்டு மூன்று பேர் எழுதியிருந்தார்கள். அது துவர்ப்புச் சத்தின் கறை. கொப்பளித்த பிறகு வெறும் தண்ணீரில் ஒரு வாய் அலசுங்கள், வடிகட்டும்போது வண்டலை விடாதீர்கள். ஏற்கெனவே பிடித்துவிட்ட கறையைச் சுரண்ட வேண்டாம், பல் டாக்டர் சுத்தம் செய்தால் போய்விடும்.

அடுக்கு மாடியில் குச்சிக்கு எங்கே போவது என்று சென்னையிலிருந்தும் துபாயிலிருந்தும் கேட்டார்கள். பள்ளிவாசல் பக்கத்துக் கடைகளில் மிஸ்வாக் என்கிற பல் துலக்கும் குச்சி கிடைக்கும். அதை வழக்கமாக உபயோகிக்கிற பகுதிகளில் வாய்ச் சுத்தத்துக்குப் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனமே 1986-ல் ஊக்குவித்திருக்கிறது. மெல்லும் முறை மேலே சொன்னதுதான். உறை பிரித்ததும் ஈரம் காயாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

தர்மபுரியிலிருந்து ஒரு அம்மா, பிள்ளையின் பல்லில் பழுப்புக் கோடுகள் இருப்பதாகவும், வேப்பங்குச்சியில் போகவில்லை என்றும் எழுதியிருந்தார். அது சொத்தையாக இல்லாமல் இருக்கலாம். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிலத்தடி நீரிலேயே ஃபுளோரைடு கூடுதல். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போன தண்ணீரைப் பல் முளைக்கிற வயதில் குடித்தால் இப்படிக் கறை பல்லுக்குள்ளேயே ஊறிவிடும். எந்தக் குச்சிக்கும் அது போகாது. அங்கே இருப்பவர்கள் போர் தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் எடுக்காமல் காவிரித் தண்ணீரையே எடுங்கள். பிள்ளைகளுக்கு எந்தப் பேஸ்ட் என்பதைப் பல் டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள், ராத்திரிப் பேஸ்ட் பற்றி மேலே எழுதியதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கிராம்பு எண்ணெய் பற்றியும் ஒரு கேள்வி. அதில் உள்ள யூஜெனால் வலியை மரக்க வைக்கும், பல் டாக்டர்களே தற்காலிக அடைப்பில் அதைச் சேர்க்கிறார்கள். தேங்காய் எண்ணெயில் ஒரு சொட்டைக் கலந்து பஞ்சில் தொட்டுப் பல்லில் மட்டும் வையுங்கள், கலக்காமல் வைத்தால் ஈறு வெந்துவிடும். வலி நின்றாலும் சொத்தை உள்ளே போய்க்கொண்டேதான் இருக்கும். கன்னம் வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, வாய் திறக்கச் சிரமமானாலோ கிராம்பைத் தேடிக்கொண்டிருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.