பழகிய கட்டளையின் இயல்புநிலையைப் படிப்படியாக மாற்றுவது எப்படி

பயனர் எதையும் குறிப்பிடாதபோது ஒரு கட்டளை எப்படி நடந்துகொள்கிறதோ, அதுவே அதன் இயல்புநிலை. நிரலில் செய்யும் மாற்றங்களின் வரலாற்றைப் பேணும் கிட் போன்ற பதிப்பு மேலாண்மைக் கருவியில் அமைப்புக் கோப்பைத் திறந்தே பார்க்காதவர்கள்தாம் இயல்புநிலையை முழுமையாக நம்பி வேலை செய்கிறார்கள். அதை மாற்றினால் முதலில் அடிபடுகிறவர்களும் அவர்களே.

திருகோணமலை உவர்மலையில் இயங்கும் எங்கள் சிறிய குழு, கிட்டின் மேல் ஒரு ஷெல் ஸ்கிரிப்டை (கட்டளைகளை வரிசையாக இயக்கும் சிறு நிரலை) எழுதிப் பயன்படுத்துகிறது. அதிலுள்ள ‘ஒத்திசை’ என்ற கட்டளை, சேர்வரிலிருந்து புதிய கொமிட்களை (பதிவுசெய்த மாற்றங்களை) எடுத்து மெர்ஜ் செய்யும், அதாவது நம் மாற்றங்களோடு இணைக்கும். வரலாறு நேர்கோடாக இருக்க வேண்டும் என்ற விருப்பத்தில் ஒருநாள் இரவு நான் அதை ரீபேஸுக்கு (நம் கொமிட்களைச் சேர்வரின் கொமிட்களுக்குப் பின்னால் மறுபடி எழுதும் முறைக்கு) மாற்றி, குழுவின் வாட்ஸ்அப்பில் ஒரு வரி மட்டும் அறிவித்தேன். விடுமுறையில் மூதூருக்குப் போயிருந்த தங்கை ஒருவர் திங்கட்கிழமை வந்து, வழக்கம்போல் ‘ஒத்திசை’ என்று தட்டினார். அவர் முன்னரே புஷ் செய்திருந்த (சேர்வருக்கு அனுப்பியிருந்த), இன்னொருவர் அவற்றின்மேல் வேலை தொடங்கியிருந்த கொமிட்கள் புதிய அடையாளங்களோடு மறுபடி எழுதப்பட்டன. ஒரே மாற்றம் இரண்டு தடவை தோன்றிய அந்த வரலாற்றைச் சீராக்க அன்று பின்னேரம் முழுவதும் போயிற்று. பிழை என்னுடையது, அதன் பிறகு நாங்கள் கைக்கொள்ளும் முறையைக் கீழே தருகிறேன்.

முதலில், புதிய நடத்தையை யாரும் விரும்பித் தெரிவுசெய்யக்கூடிய ஓர் அமைப்பாக மட்டும் சேர்க்க வேண்டும், இயல்புநிலையைத் தொடக்கூடாது. புஷ் கட்டளைக்கு ‘சிம்பிள்’ என்ற முறையை 2012இல் 1.7.11 பதிப்பிலேயே சேர்த்த கிட், அதை இயல்புநிலை ஆக்கியது 2014 மே மாதத்தில் வந்த 2.0 பதிப்பில்தான். இந்த இடைவெளியில் விரும்பியவர்கள் பயன்படுத்திப் பார்த்துவிடுவார்கள், குறைகளும் வெளியே வந்துவிடும். பழைய நடத்தைக்கும் அதே அமைப்பில் ஒரு பெயர் இருக்க வேண்டும் என்பதை மறக்கக்கூடாது. பெயர் இல்லாத ஒன்றை எவராலும் ‘எனக்கு இதுவே வேண்டும்’ என்று கேட்டுப் பெற முடியாது.

அடுத்தது எச்சரிக்கை. இதில்தான் அதிக கவனம் தேவை. 2008இல் வந்த கிட் 1.6.0 பதிப்பு, ‘கிட்-கொமிட்’ என இணைகோட்டோடு எழுதும் கட்டளைகளை கணினி கட்டளைகளைத் தேடும் வழக்கமான கோப்புறைகளிலிருந்து அகற்றியபோது, முன்னறிவிப்பு இருந்தும் பலர் திகைத்துப் போனார்கள். வெளியீட்டுக் குறிப்புகளைப் பெரும்பாலானோர் வாசிப்பதில்லை. ஆகவே கட்டளை ஓடும் அந்தக் கணத்திலேயே செய்தி கண்ணில் பட வேண்டும். ‘இயல்புநிலை மாறவுள்ளது’ என்று மட்டும் எழுதினால் வாசிப்பவருக்கு அச்சமே மிஞ்சும். மெர்ஜுக்கே திரும்பிய எங்கள் ஸ்கிரிப்ட், பிராஞ்ச் எனும் வேலைக்கிளை சேர்வரிலிருந்து பிரிந்திருக்கும்போது இப்படிச் சொல்கிறது:

‘உங்கள் பிராஞ்சும் சேர்வரும் பிரிந்துள்ளன, இம்முறை மெர்ஜ் செய்யப்படுகிறது. பதிப்பு 4 முதல் ரீபேஸ் செய்யப்படும். மெர்ஜே தொடர வேண்டுமானால் ஒத்திசை.முறை என்பதை மெர்ஜ் என அமையுங்கள். புதிய முறையை இன்றே ஏற்க, ரீபேஸ் என அமையுங்கள்.’

இரண்டில் எதைத் தெரிவுசெய்தாலும் இந்தச் செய்தி மறுபடி வராது. தெரிவுசெய்யாதவருக்கும் விளைவு உண்மையிலேயே வேறுபடும்போது மட்டுமே அது வர வேண்டும். 2020இல் கிட் 2.27 பதிப்பு, சேர்வரின் மாற்றங்களை எடுத்து இணைக்கும் புல் கட்டளைக்கு மெர்ஜா ரீபேஸா என்று தெரிவுசெய்யாதவர்களை எச்சரிக்கத் தொடங்கியது. வரலாறு பிரியாமல் வெறுமனே முன்னோக்கி நகரும் வேளையிலும் அச்செய்தி வந்ததால் பலருக்கு அது தொல்லையாயிற்று. அந்நிலையில் அது தோன்றாதபடி பின்னர் திருத்தினார்கள். காரணமின்றிக் கத்தும் எச்சரிக்கையைக் கண் தானாகவே தாண்டிவிடும்.

எச்சரிக்கையை வழக்கமான வெளியீட்டில் அல்லாமல் பிழைச்செய்திக்கான வெளியீட்டில் அனுப்ப வேண்டும். இல்லையெனில் அந்த வெளியீட்டை வாசிக்கும் வேறு ஸ்கிரிப்ட்கள் குழம்பும். இரவில் தானாக ஓடும் வேலைகளில் செய்தியைப் பார்க்க மனிதர் இல்லை என்பதால், அவற்றைத் தேடிப் பிடித்து, வேண்டிய முறையை வெளிப்படையாக எழுதிவைப்பது நம் பொறுப்பு.

எந்த இயல்புநிலையும் எல்லோருக்கும் பொருந்தாது என்று தெரிந்தால், ஊகிக்காமல் நின்றுவிடுவதும் ஒரு நல்ல முடிவே. 2021இல் கிட் 2.33 அதைத்தான் செய்தது: பிராஞ்சுகள் பிரிந்திருந்து, பயனர் முறையைச் சொல்லாவிட்டால், புல் கட்டளை வேலையை நிறுத்திவிட்டுத் தெரிவைக் கேட்கிறது. எங்கள் ‘ஒத்திசை’க்கும் இதுவே பொருத்தமாக இருந்திருக்கும் என இன்று நினைக்கிறேன்.

மாற்றும் நாளையும் யோசித்துக் குறிக்க வேண்டும். சித்திரைப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள் விடுமுறைகள் வரும் கிழமைகளில் நாங்கள் மாற்றுவதில்லை. கிண்ணியா, மூதூர் பக்கத்தார் உட்பட எல்லோரும் திரும்பி வந்து, எச்சரிக்கையை ஒருமுறையாவது கண்ட பின்னரே மாற்றுகிறோம்.

மாற்றிய பிறகும் பழைய முறையின் பெயர் வேலை செய்ய வேண்டும், அதற்குரிய சோதனைகளும் தொடர்ந்து ஓட வேண்டும். பின்வாங்க நேர்ந்தால் தயங்கக்கூடாது. கிட் தன் இரண்டாம் பதிப்பு வலையமைப்பு நெறிமுறையை 2.26இல் இயல்புநிலை ஆக்கி, சிக்கல் தெரிந்ததும் 2.27இல் பழையதற்கே திரும்பி, 2.28இல் மறுபடி கொண்டுவந்தது. திரும்பிப் போவதற்கு ஒரே வரியை மாற்றினால் போதும் என்ற நிலையில் நிரல் இருந்தால்தான் இது இயலும். எனவே எங்கள் ஸ்கிரிப்டில் இயல்புநிலை மதிப்பை ஒரேயோர் இடத்தில், கோப்பின் தலைப்பகுதியிலேயே எழுதிவைத்திருக்கிறோம்.