ஒருக்கால் வருது, ஒருக்கால் வரேல்ல: சித்தியின் லப்டொப்பைத் திருத்திய கதை

போன மாதம் வெள்ளவத்தையில் சித்தி வீட்டுக்குப் போனபோது, சப்பாத்தைக் கழற்ற முன்னமே லப்டொப்பைக் கையில் தந்துவிட்டார். "தம்பி, இது ஒருக்கால் வருது, ஒருக்கால் வரேல்ல. டொக்டருக்கு நம்பர் போடப் போனா சுத்திக்கொண்டே நிக்குது. பிறகு தானாச் சரிவருது." லைன் தந்த கம்பெனிக்கு மூன்று தரம் கோல் எடுத்தாராம். மூன்று தரமும் ரவுட்டரை ஓஃப் பண்ணி ஒன் பண்ணச் சொல்லியிருக்கிறார்கள்.

இன்டர்நெட் அடியோடு இல்லையென்றால் திருத்துவது லேசு. விட்டுவிட்டு வருவதுதான் ஆளைக் கொல்லும். நாங்கள் போய் முன்னால் குந்தினால் நல்லபிள்ளையாக ஓடும். எனக்கு இரண்டரை மணித்தியாலம் போனது. உங்களுக்கு 20 நிமிடம் காணும். விண்டோஸ் 11 ஐ வைத்து எழுதுகிறேன். ரவுட்டரை ஓஃப் பண்ணுவது, கேபிளை இறுக்குவது எல்லாம் ஏற்கெனவே செய்து களைத்திருப்பீர்கள், அதனால் விடுகிறேன்.

படி 1: பிழைக்கும் நேரம் போனைப் பாருங்கள்

பக்கம் வராமல் நிற்கும் அந்த நிமிடத்திலேயே, அதே வைஃபையில் இருக்கும் போனில் ஏதாவது புதுப் பக்கம் திறந்து பாருங்கள். மொபைல் டேட்டாவை மறக்காமல் ஓஃப் பண்ணுங்கள். போனிலும் வராவிட்டால் லப்டொப்பில் குற்றமில்லை, பிரச்சினை லைனில் அல்லது வைஃபையில். எங்கள் பக்கத்து அடுக்குமாடிகளில் வைஃபை பட்டியலைத் திறந்தால் முப்பது பெயர் நிற்கும். வைஃபையின் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சனல்கள் 1, 6, 11 மட்டும்தான். முப்பது வீடும் அந்த மூன்றுக்குள் இடிபடும். ரவுட்டர் அதே அறையில் என்றால் 5 கிகாஹேர்ட்ஸுக்கு மாறுங்கள்.

சித்தியின் போன் ஓடியது. இன்னொன்றும் நடந்தது, நான்தான் கவனிக்கவில்லை: பக்கம் வராத நேரத்திலும் லப்டொப்பில் வட்ஸ்அப் மெசேஜ் விழுந்துகொண்டே இருந்தது.

படி 2: இன்னொரு பிரவுசர்

குரோமில் வராததைப் பயர்பொக்ஸில் திறந்து பாருங்கள். எட்ஜ் வேண்டாம், அது உள்ளுக்குள் குரோமின் சகோதரம், இரண்டும் ஒரே மாதிரித்தான் அழும். பயர்பொக்ஸில் மட்டும் வந்தால், குரோமில் போட்ட எக்ஸ்டென்ஷன்களை ஒவ்வொன்றாக ஓஃப் பண்ணிப் பாருங்கள். இங்கே இரண்டிலும் வரவில்லை.

படி 3: நான் சறுக்கிய இடம்

ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் பண்ணி டெர்மினலைத் திறவுங்கள். பிங் (ping) என்பது ஒரு முகவரியைத் தட்டிப் பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை. அதை ஆங்கிலத்தில் அடித்து, இடைவெளி விட்டு 8.8.8.8, மறுபடி இடைவெளி, சிறுகோடு, டி. என்டர். 8.8.8.8 என்பது கூகுள் 2009 இல் திறந்த பொது டிஎன்எஸ் சேர்வர், அதாவது தளத்தின் பெயரைக் கேட்டால் அதற்குரிய இலக்க முகவரியைச் சொல்லும் சேர்வர். பதில் வரி வரியாக வந்துகொண்டே இருந்தால் லைன் உயிரோடு இருக்கிறது. நிறுத்த கொன்ட்ரோலும் சியும்.

அடுத்ததாக இலக்கத்துக்குப் பதில் கூகுள் டொட் கொம் என்ற பெயரைப் போட்டு ஓடவிட்டேன். அரை மணித்தியாலம் ஒரு வரிகூடத் தவறவில்லை. பக்கத்தில் பிரவுசரோ இரண்டு தரம் படுத்து எழும்பியது. அப்போ பெயர் தேடுவதிலும் பிழையில்லை என்று முடிவுகட்டி, வைஃபை டிரைவரைக் கழற்றிப் பூட்டினேன், வைரஸ் கார்டை நிறுத்தினேன். தேத்தண்ணி இரண்டு தரம் ஆறிப்போனது.

பிங் பெயரை விசாரிப்பது ஒரேயொரு தரம், தொடங்கும்போது மட்டும். அதற்குப் பிறகு கிடைத்த இலக்கத்தையே தட்டிக்கொண்டிருக்கும். காலி வீதியில் ஒரு தரம் வழிகேட்டு வீட்டைக் கண்டுபிடித்தவன் அடுத்தநாளும் நின்று வழிகேட்க மாட்டானே. திறந்தபடி இருந்த வட்ஸ்அப்பும் அதனால்தான் ஓடியிருக்கிறது. புதுப் பக்கம் திறக்கும்போதுதான் பெயரைப் புதிதாகக் கேட்க வேண்டும். கிடைத்த பதிலை விண்டோஸ் கொஞ்ச நேரம் நினைவில் வைத்திருக்கும். அந்த நேரத்துக்குள் போனால் வரும், தவணை முடிந்தபின் போனால் சுற்றும். "ஒருக்கால் வருது, ஒருக்கால் வரேல்ல" என்பதன் அர்த்தம் இதுதான்.

ஆகவே பெயரைச் சோதிக்கப் பிங் சரிவராது. என்எஸ்லுக்அப் (nslookup) என்ற கட்டளையை அடித்து, இடைவெளி விட்டு, திறக்காத தளத்தின் பெயரைப் போடுங்கள். அது விண்டோஸின் நினைவைப் பார்க்காது, நேரே சேர்வரிடம் கேட்கும். எனக்கு உடனேயே டைம்ட் அவுட், அதாவது சேர்வர் பதில் தரவில்லை. திரும்ப அடித்தேன், திரும்பவும் டைம்ட் அவுட். மேலே சேர்வர் முகவரி என்று ஒரு இலக்கம் தெரிந்தது. அது எங்கள் ரவுட்டரின் 192.168.1.1 இல்லை. எங்கேயும் கண்டிராத ஏதோவொன்று.

"சித்தி, இதில விபிஎன் ஏதும் போட்டனீங்களோ?"

"அது அப்ப, கரண்ட் இல்லாத காலத்தில. பேஸ்புக்கை நிப்பாட்டினாங்களே, அண்டைக்குப் பிள்ளை போட்டுத் தந்தவன். பிறகு அழிச்சிட்டன்."

2022 ஏப்ரல் 3, சமூக ஊடகங்களை முடக்கிய நாள். தடையைச் சுற்றிக்கொண்டு வேறு சேர்வர் வழியாகப் போக உதவும் அப்தான் விபிஎன். அன்றைக்குக் கொழும்பில் அதைப் போடாத ஆள் குறைவு. அப்பை அழித்தாயிற்று, அது எழுதிவைத்த இரண்டு டிஎன்எஸ் இலக்கம் அழியவில்லை. இவ்வளவு நாளும் அந்த சேர்வர்கள் பதில் தந்துகொண்டு இருந்திருக்கின்றன. இப்போது முதலாவது செத்துவிட்டது, இரண்டாவது மனம் வைத்தால் பதில் சொல்லும்.

படி 4: திருத்துவது

செட்டிங்ஸில் நெட்வேர்க் அன்ட் இன்டர்நெட், அதற்குள் வைஃபை, அதற்குள் ஹார்ட்வெயார் புரொப்பர்ட்டீஸ். டிஎன்எஸ் சேர்வர் அசைன்மென்ட் என்ற வரியில் மேனுவல் என்று இருந்தால் எடிட் பண்ணி ஒட்டோமெட்டிக்குக்கு மாற்றுங்கள். இதே வரி உங்கள் வைஃபை பெயருக்குரிய புரொப்பர்ட்டீஸிலும் தனியாக இருக்கும். இரண்டையும் பாருங்கள், நான் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டுப் பத்து நிமிடம் முழித்தேன். அப்படியே புரொக்சி (இடையில் நின்று பக்கங்களை வாங்கித்தரும் சேர்வர்) பக்கத்தையும் திறந்து, மேனுவல் புரொக்சி ஒன்னில் கிடந்தால் ஓஃப் பண்ணுங்கள். அலுவலக லப்டொப் என்றால் கைவைக்க முன் ஐடி ஆட்களிடம் கேளுங்கள்.

பிறகு ரீஸ்டார்ட். ஷட் டவுன் பண்ணி ஒன் பண்ணுவது அதே விஷயமில்லை; ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருந்தால் விண்டோஸ் பாதித் தூக்கத்தில்தான் போகும்.

கண்டபடி 8.8.8.8, 1.1.1.1 என்று போடச் சொல்லும் வீடியோக்கள் நிறைய. கெட்ட சேர்வர்கள் இல்லை. ஆனால் முதலில் ஒட்டோமெட்டிக்கில் இரண்டு நாள் ஓடவிடுங்கள். கையால் எழுதிவைத்த இலக்கத்தை நாலு வருஷம் கழித்து யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை, சித்தி வீட்டில் கண்டோமே.

பிற்சேர்க்கை 1: போனில் வீட்டில் எல்லாம் வருகிறது, அலுவலக வைஃபையில் ஒன்றும் வருவதில்லை என்று ஒருவர் கேட்டிருந்தார். அண்ட்ராய்ட் 9 இலிருந்து பிரைவேட் டிஎன்எஸ் என்று ஒன்று உண்டு, பெயர் கேட்பதை மற்றவர்கள் பார்க்காமல் மறைத்து அனுப்பும். விளம்பரம் மறைக்க அதில் ஏதாவது சேர்வர் பெயர் போட்டிருப்பீர்கள். அது 853 ஆம் போர்ட்டால் (இணைப்பு போய்வரும் இலக்கமிட்ட வாசல்) போகும். அந்த போர்ட்டைப் பூட்டிய வைஃபையில் பெயரே கிடைக்காது. ஒட்டோமெட்டிக்கில் விடுங்கள்.

பிற்சேர்க்கை 2: இன்னொருவரின் பழைய டெஸ்க்டொப்பில் காலையில் மட்டும் எந்தத் தளமும் வராதாம், பாதுகாப்பு எச்சரிக்கைதான் வருமாம், கொஞ்சம் போனால் சரியாம். இடிமின்னலுக்குப் பயந்து இரவில் பிளக்கைக் கழற்றும் வீடு. திரையின் மூலையில் திகதியைப் பார்க்கச் சொன்னேன்: பல வருஷம் பின்னுக்கு. மதர்போர்ட்டின் பட்டன் பற்றரி செத்துவிட்டது. திகதி பிழைத்தால் தளங்களின் சான்றிதழைப் பிரவுசர் ஏற்காது. விண்டோஸ் நெட்டில் நேரத்தை எடுத்துத் திருத்தியதும் சரியாகிவிடும். சிஆர் 2032 என்று கேளுங்கள், பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் கிடைக்கும். பழையதைக் கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள். 2025 ஐத் தந்தால் வாங்காதீர்கள், அது மெல்லிசு, குழிக்குள் ஆடும்.